தட்டிப் பார்த்து வாங்குவோம்!

பத்தமடை, மானாமதுரை, ஆத்தங்குடி, சுவாமிமலை... கைவினைஞர்களின் வாசலைத் தேடிப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள். அந்த வருகையால் தறிக்கும் சக்கரத்துக்கும் என்ன கிடைக்கிறது?

பத்தமடையில் அந்த வீட்டின் முன்கூடம் முழுக்கத் தறிதான். தரையோடு தரையாகப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது. குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்து ஓர் அம்மா பாய் நெய்துகொண்டிருக்கிறார். ஊசியைப் போல் கிழித்த கோரை ஒன்றை எடுக்கிறார். நீண்ட குச்சியின் முனையில் கோத்துப் பாவுக்குள் செலுத்துகிறார். அச்சைத் தன் பக்கம் இழுத்து ஒரு தட்டு. அடுத்த கோரை. மறுபடி ஒரு தட்டு. அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாய் ஒரு விரற்கடைகூட வளர்ந்ததாகத் தெரியவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கிறது. பாபநாசம் அருவிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்த குடும்பம், ஆறு பேர். அம்மா வாய் நிறைய வரவேற்கிறார். "உள்ள வாங்க, தண்ணி குடிக்கியளா?" ஆளுக்கொரு கைபேசி வெளியே வருகிறது. தறிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி, தறியில் தான் உட்காருவதைப் படம் எடுக்க வேண்டும் என்கிறாள். அம்மா எழுந்து இடம் கொடுக்கிறார். அந்தப் பெண் நாலு கோரையைச் செருகுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

பிறகு விலை விசாரணை. பட்டுப்பாயின் விலையைக் கேட்டதும் முகங்கள் மாறுகின்றன. "ஒரு பாய்க்கா?" என்கிறார் பெரியவர். கடைசியில் சின்னக் கோரைப் பை ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். வந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கார் திரும்பியதும் அம்மா பலகையில் உட்கார்ந்து, அந்தப் பெண் செருகிய நாலு கோரையையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். ஒரு பாவு நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டார்.

"கோபம் வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"வந்தவுகள வராதியன்னு சொல்ல முடியுமா தம்பி? பாத்தாத்தானே வாங்கணும்னு தோணும்" என்றபடி அடுத்த கோரையை எடுத்தார்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. விடுமுறைப் பயணம் என்றால் கோயில், மலை, அருவி என்றிருந்த காலம் மாறி, 'தறியைப் பார்க்கலாம், சக்கரத்தைப் பார்க்கலாம்' என்று கிளம்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. செட்டிநாட்டு மாளிகை விடுதிகளில் தங்குகிறவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பட்டறை பார்ப்பதும் பயணத்தில் ஒரு பகுதி. ஓடுகிற ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, இடம் விசாரித்து வருகிறவர்களும் உண்டு. இது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால், எப்படிப் போகிறோம், போய் என்ன செய்கிறோம் என்பதில்தான் அந்த வீடுகளுக்கு லாபமும் நட்டமும் இருக்கின்றன.

பெயர் நெய்த பாய்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். இங்கே பாய் நெசவு லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். இன்று தறியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1953இல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் அன்பளிப்பாகப் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நேரில் போகாமல் இந்தப் பாயின் விலை நமக்கு விளங்காது. கோரையைப் பச்சையாக அறுத்து வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காயவைத்து மெல்லிசாகக் கிழிக்கிறார்கள். பிறகு சாயம், மறுபடி வெயில். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தறி. நெசவின் நெருக்கத்தை நூறு கவுண்ட், நூற்றிருபது, நூற்று நாற்பது என்று சொல்கிறார்கள். நூற்று நாற்பதில் நெய்த பாயைத் துணிபோல் மடிக்கலாம். தொட்டுப் பார்த்தால் கோரை என்று நம்ப மாட்டீர்கள். ஒரு பட்டுப்பாய் தறியை விட்டு இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

கல்யாணப் பாய்தான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. மணமகன், மணமகள் பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே நெய்யப்பட்டிருக்கும். மேலே எழுதுவதோ அச்சடிப்பதோ கிடையாது, சாயமேற்றிய கோரையைக் கணக்குப் பார்த்து விட்டு நெசவிலேயே எழுத்தைக் கொண்டுவருகிறார்கள். இந்தப் பாயை முன்கூட்டியே நெய்து கடையில் அடுக்கி வைக்க முடியாது. யாருக்கு என்று தெரிந்தால்தான் நெய்யவே முடியும்.

நம் ஊர்க் கைத்தொழில்கள் பலவற்றின் அடிப்படை இதுதான். செய்கிறவருக்கு வாங்குகிறவரைத் தெரிந்திருந்தது. குயவருக்கு எந்த வீட்டில் எத்தனை உலை கொதிக்கும் என்று தெரியும். தச்சர் மாப்பிள்ளை வீட்டு வாசலை அளந்துவிட்டுத்தான் கதவுக்கு மரம் அறுத்தார். நடுவில் கடை, மொத்த வியாபாரி, ஏற்றுமதி என்று ஆள் மேல் ஆள் வந்து நின்றதும், செய்கிறவருக்கு முகமே தெரியாமல் போனது. தங்கள் பாய் யார் வீட்டில் கிடக்கிறது என்பது நெய்தவருக்குத் தெரியாது, நெய்தவர் யார் என்பது படுக்கிறவருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பாய் வந்தபோது சாதாரணக் கோரைப்பாயின் சந்தை அவ்வளவு சுலபமாகச் சரிந்ததற்கு விலை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இழந்தது யாருடைய பிழைப்பு என்று வாங்கியவர்களுக்குத் தெரியவே இல்லை.

மண்ணுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள்

நடுவில் யாருமில்லாமல் வாங்குகிறவரே பட்டறைக்கு வரும் வழக்கம் அறுந்துபோகாத இடம் ஒன்று உண்டு. அது வைகைக் கரையிலிருக்கும் மானாமதுரை. கர்நாடக இசை மேடையில் ஒலிக்கும் கடங்களுக்குப் பெயர்போன ஊர்.

மிருதங்கத்தின் சுருதியை வாரை இறுக்கிச் சரிசெய்யலாம், வீணைக்குப் பிரடை இருக்கிறது. சுட்ட பிறகு கடத்தின் சுருதியை அப்படித் திருத்த வழியில்லை. அது பிறக்கும்போதே சுருதியோடு பிறக்க வேண்டும். சக்கரத்தில் வனைந்த பானையை, உள்ளே கல்லை வைத்துத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான தட்டு. வயிறு முழுதும் ஒரே கனமாக வர வேண்டும். ஓரிடம் தடித்தாலும் நாதம் கெட்டுவிடும். பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். வேகும்போது மண் சுருங்கும் என்பதால், நினைத்த சுருதி வந்ததா என்பது சூளை பிரித்த பிறகுதான் தெரியும்.

அதனால்தான் வித்வான்கள் இந்த ஊருக்கு நேரில் வருகிறார்கள். வரிசையாக வைத்த கடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். தனக்கு இன்ன சுருதியில் வேண்டும், கழுத்து இப்படி இருந்தால் கை நன்றாக ஓடும் என்கிறார்கள். மண் வனையும் வேளார் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த சூளையில் மாற்றிப் பார்க்கிறார்கள். இந்தப் பேச்சு தலைமுறை தலைமுறையாக நடந்ததில் வாத்தியமும் வளர்ந்தது, வனைகிறவர்களின் காதும் கூர்மையானது. இந்த ஊர் வேளார் வீட்டைச் சேர்ந்த, மேடையேறிக் கச்சேரி செய்யாத மீனாட்சி அம்மாளுக்கு, கடம் செய்ததற்காகச் சங்கீத நாடக அகாதமியின் விருது கிடைத்தது. பெண்கள் தட்டித் தட்டியே நாதம் ஏற்றிய தொழிலுக்கு நாடு செய்த மரியாதை அது.

சந்தையில் மண்சட்டி வாங்கும் எந்தப் பாட்டியும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தட்டுவது என்றால் விசாரிப்பது, கேட்பது, விஷயம் தெரிந்து வாங்குவது. பட்டறைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவதும் அவ்வளவுதான்.

இந்த ஊரின் கவலை மண். கண்மாயில் மண் எடுக்க அனுமதிக்காக அலைவது நெடுங்காலக் குறை. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி தமிழக அரசு விதியை எளிதாக்கியது. நீங்கள் மானாமதுரைக்குப் போனால் கடத்தோடு சேர்த்து மண்ணைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் மனம் திறந்து பேசும் விஷயம் அதுதான்.

■ பெட்டிச் செய்தி: குறியீடு என்ன செய்யும், என்ன செய்யாது?

பத்தமடைப் பாய், சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, செட்டிநாட்டுக் கொட்டான், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் கிடைத்தது. இதற்கான சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வேறோர் ஊரில் செய்த பொருளை இந்த ஊரின் பெயர் சொல்லி விற்றால் வழக்குத் தொடரக் குறியீடு உதவும். விற்ற பணத்தில் எவ்வளவு செய்தவர் கைக்குப் போனது என்பதில் அதற்கு வேலையில்லை.

கண்ணாடி மேல் பூத்த பூ

பார்வையாளர் வருகை ஒரு தொழிலைத் தாங்கிப்பிடித்ததற்குக் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி நல்ல உதாரணம். இந்த ஊர்த் தரைக்கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாகக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவை, அதன்மேல் ஈரக் கலவை. கொத்துக் கரண்டியால் நிரவி வைத்துவிடுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறி இறுகி, வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானே விட்டுக்கொடுக்கும். அந்த வழவழப்பு, கண்ணாடி கொடுத்தது.

ஊற்றுகிற வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், வந்தவர்கள் ஒரு கல் பிறப்பதை முழுதாகப் பார்த்துவிட முடிகிறது. பட்டறைகள் பார்வையாளர்களுக்குப் பழகியிருக்கின்றன. பார்த்தவர்கள் ஊருக்குப் போனபின் தாங்கள் கட்டும் வீட்டுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறார்கள். மாளிகைகள் கட்டுவது நின்றபின் இந்தக் கல்லும் பழங்கதையாகியிருக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர்களும், இந்தக் கல்லைத் தேடிவந்த கட்டடக் கலைஞர்களும் அதற்குப் புது வீடுகளைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் எல்லாத் தொழிலும் ஆத்தங்குடி ஆகிவிடாது. சுவாமிமலையில் ஒரு சிலை பிறக்கும் நேரத்தில் பத்துச் சுற்றுலாக் கூட்டம் வந்து போய்விடும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க உடைத்த அச்சை மறுபடி பயன்படுத்த முடியாததால், ஒரு சிலையைப் போல் இன்னொன்று அங்கே பிறப்பதில்லை. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தில் நிறுத்திய 27 அடி நடராஜர், சுமார் 18 டன் எடை, இந்த ஊரில் வார்த்தது. உலோகம் ஊற்றும் நாள் தினமும் வராது. அந்த ஒரு காட்சிக்காகவே வந்து, "இன்னைக்கு ஊத்தலையா?" என்று ஏமாந்து திரும்புகிறவர்கள், உளியும் அரமுமாக ஒருவர் விரல் நகம் அளவு நெற்றியைச் செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

நாற்பது நிமிடத்தின் கணக்கு

இனி, விளைவுகளுக்கு வருவோம்.

முதலில் பணம். கடையில் வாங்கும் பாயின் விலையில் வண்டிச் சத்தம், கடை வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் அடக்கம். தறி வாசலில் வாங்கினால் அத்தனையும் நெய்தவருக்கு மிஞ்ச வாய்ப்பிருக்கிறது. அந்த வாய்ப்பைக் கெடுப்பது பேரம். 'நேரே வாங்குகிறோமே, குறைத்துக் கொடுங்கள்' என்பதுதான் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். வியாபாரி கேட்டால் குறைப்பதில் ஒரு நியாயம் உண்டு, அவர் நூறு பாய் எடுப்பார். ஒரு பாய் வாங்குகிறவருக்கு ஏன் குறைக்க வேண்டும்? நடுவில் ஆள் இல்லாததால் மிச்சமாகும் பணம் நமக்கு வர வேண்டியது என்று நினைக்கிறோம். அது தறியில் குனிந்து முதுகு வளைந்தவருக்கு வர வேண்டிய பணம்.

இரண்டாவது நேரம். நெய்தால்தான் கூலி என்றிருக்கும் வீட்டில் விருந்தாளிகளுக்கு வேலையைச் செய்துகாட்டும் ஒவ்வொரு நிமிடமும் கைக்காசு. ஒரு நாளில் மூன்று கார் வந்தால் அரைநாள் நெசவு போச்சு. ஏரியில் படகு விட நுழைவுச்சீட்டு வாங்குகிறோம், கோட்டைக்கு வாங்குகிறோம், படம் எடுக்கத் தனிச்சீட்டும் வாங்குகிறோம். நாற்பது வருடம் கற்ற வேலையை நமக்காக நிறுத்திக் காட்டுகிறவருக்கு மட்டும் ஒன்றும் தருவதில்லை. பார்வையாளர் வரும் கைவினை ஊர்களில் ஊர்ச் சங்கமே ஒரு பார்வைக் கட்டணம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேட்கக் கூச்சப்படுவார்கள். நாம்தான் முதலில் கொடுத்துப் பழக வேண்டும்.

மூன்றாவது, போலிப் பட்டறைகள். கோயில் ஊர் ஒன்றில் ஆட்டோக்காரர் ஒருவர் 'நேரே செய்யிற இடம்' என்று என்னை அழைத்துப்போனார். முன்னால் ஒருவர் உளியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த கூடம் முழுக்க வேறெங்கோ வாங்கி வந்து அடுக்கிய சரக்கு. எது இங்கே செய்தது என்று மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை. பட்டறை பார்க்கும் ஆசை பெருகினால் இப்படிப்பட்ட இடங்களும் பெருகும். அதன் அடி விழுவது நிஜமாகச் செய்கிறவர்கள் மேல்தான்.

நான்காவது, பிள்ளைகள். இதை எடைபோடுவது கடினம், ஆனாலும் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. போன ஊரிலெல்லாம் கேட்ட ஒரே வாக்கியம், 'இந்தத் தொழில் எங்களோட போகட்டும்' என்பது. கூலி குறைவு என்பதற்குச் சமமான காரணம், மரியாதை குறைவு என்பது. வெளியூரிலிருந்து ஆள் வந்து, தன் தாய் நெய்வதைத் தரையில் உட்கார்ந்து, வாய்பிளந்து பார்ப்பதை அந்த வீட்டுப் பிள்ளை பார்க்கிறது. அது ஒன்றும் செய்யாது என்று சொல்ல முடியுமா? ஒடிசாவில் புரிக்குப் பக்கத்து ரகுராஜ்பூர், பட்டசித்ரா ஓவியர்களின் ஊர். ஒடிசி நடனத்தின் பேராசான் கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். 2000இல் அது பாரம்பரியக் கைவினைக் கிராமமாக வளர்த்தெடுக்கப்பட்டது. அங்கே வீடே பட்டறை, சுவரே ஓவியம். அந்த ஊர் முழுக்கத் தூரிகையைக் கீழே வைக்காமல் இருப்பதில் வாசலுக்கு வந்தவர்களின் பங்கு பெரிது. ஆனால் 2019இல் ஃபானி புயல் அந்தக் கரையைத் தாக்கியபோது ஓவியங்களும் போயின, வருகிறவர்களும் நின்றார்கள். வருகையை மட்டுமே நம்பிய ஊருக்கு அது எவ்வளவு மெல்லிய நூல் என்பதும் அப்போது தெரிந்தது.

அதனால் வருகை ஒரு நாளோடு முடியக் கூடாது. பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு அதே வீட்டில் பாய் சொல்ல வேண்டும். கொலு வந்தால் அதே வேளார் வீட்டுக்குப் பேச வேண்டும். நம் தாத்தாக்களுக்கு 'நம்ம ஆசாரி', 'நம்ம குயவர்' என்று ஒருவர் இருந்தார். அந்த உறவில் சாதியின் ஏற்றத்தாழ்வும் தானியக் கூலியும் கலந்திருந்தன, அது திரும்பி வர வேண்டாம். கேட்ட விலையைக் கொடுத்து, எதிரே சமமாக உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பேசும் புது உறவு போதும்.

அரசின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 முதல் இயங்கும் பூம்புகார் நிறுவனம் பொருளை வாங்கி விற்கிறது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் 18 தொழில்களுக்கு வந்தது. குலத்தொழிலோடு கட்டிப்போடுகிறது என்று அதை ஏற்காத தமிழக அரசு, 35 வயது கடந்தவர்களுக்கு 25 தொழில்களில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டுமே கடனும் பயிற்சியும் தருபவை. வாசலுக்கு வரும் பார்வையாளரை வரவேற்க ஒரு நிழற்கூடம், கழிப்பறை, 'இந்த வீடுகளில் தறி ஓடுகிறது' என்று காட்டும் ஒரு பலகை இவற்றைப் பஞ்சாயத்தும் பேரூராட்சியுமே செய்துவிடலாம். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டின் முன்கூடத்தில் முன்பின் தெரியாத கூட்டம் நுழைவதைவிட, ஊர்ப் பொதுவில் ஒரு தறி இருப்பது எல்லோருக்கும் நல்லது.

■ பெட்டிச் செய்தி: கிளம்பும் முன்

முன்னதாகப் பேசிவிட்டுப் போங்கள். பத்தமடையில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், நோன்பு மாதப் பகல் இவற்றைத் தவிருங்கள். மானாமதுரைக்கு வெயில் காலம் ஏற்றது, ஐப்பசி, கார்த்திகை மழையில் பானையும் உலராது, சூளையும் எரியாது.

படம் எடுக்குமுன் கேளுங்கள். முடிக்காத வடிவத்தைப் படமெடுத்து வெளியிட வேண்டாம், அடுத்த வாரமே அது இயந்திரத்தில் அச்சாகி வந்துவிடும். தறியில் உட்கார்ந்து பார்க்க ஆசையென்றால், பழகுவதற்கென்று தனிப் பாவு போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

விலை அதிகம் என்று தோன்றினால் சின்னப் பொருளை முழு விலைக்கு வாங்குங்கள். பெரிய பொருளைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

தையில் கல்யாணமா?

கிளம்பும்போது பத்தமடை அம்மாவிடம் என் அக்காள் மகளுக்குப் பாய் வேண்டும் என்று சொன்னேன். பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்தெண்ணிப் பார்த்தார். மாப்பிள்ளை பெயர் நீளம், முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். முழுப் பெயரும் வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, பாவில் விரலால் அளந்து பார்த்து, "சரி, கொண்டாந்துரலாம்" என்றார். முன்பணத்தை வாங்கி எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

உங்கள் வீட்டிலும் வருகிற தையில் கல்யாணம் இருந்தால், புரட்டாசிக்குள் பத்தமடைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் சாயக் கோரை காயாது.